பேஸ் கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த ஜாகோ: ஒரு ஆல்பத்தால் ரசிகர்கள் பிரிந்தது ஏன்?

ஒரு பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. குரல், கீபோர்டு, டிரம்ஸ்னு காது போய்விடும். பேஸ் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தை 1976இல் வந்த ஒரு ஜாஸ் ஆல்பம் உடைத்தது. ஆல்பத்தின் பெயர் 'ஜாகோ பாஸ்டோரியஸ்'. வாசித்தவரின் பெயரும் அதுதான். அப்போது அவருக்கு வயது 24.

யார் இந்த ஜாகோ?

1951 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது ஃபுளோரிடாவில். அப்பா பாடகர், டிரம்ஸ் கலைஞர். மகனும் முதலில் டிரம்ஸ்தான் வாசித்தார். விளையாட்டில் மணிக்கட்டில் அடிபட்டதால் டிரம்ஸ் கஷ்டமாகி, பேஸ் பக்கம் வந்தார்.

அவருடைய பேஸில் மெட்டுகள் கிடையாது. வீணையில் மெட்டு இருக்கும், வயலினில் இருக்காது இல்லையா? அதே வித்தியாசம்தான். மெட்டு இல்லாவிட்டால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு குரல் மாதிரியே வழுக்கிப் போகலாம். ஆனா, விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் சுருதி போய்விடும்.

ஆல்பத்தில் யார் யார்?

ஒரு புதுமுகத்தின் முதல் ஆல்பத்துக்கு வந்த விருந்தாளிகளைப் பாருங்கள்: பியானோவில் ஹெர்பி ஹான்காக், சாக்ஸபோனில் வெய்ன் ஷார்ட்டர், மைக்கேல் பிரெக்கர், புல்லாங்குழலில் ஹியூபர்ட் லாஸ். சோல் இசையின் புகழ்பெற்ற ஜோடியான சாம் அண்ட் டேவ் ஒரு பாட்டே பாடினார்கள்.

ஆனா முதல் டிராக்கில் இவர்கள் ஒருவரும் இல்லை. ஜாகோவின் பேஸ், கூடவே டான் அலியாஸின் காங்கா. அவ்வளவுதான். சாக்ஸபோனுக்கே கடினமான 'டோனா லீ' என்ற பழைய ஜாஸ் மெட்டை அவர் பேஸில் வாசித்தார்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

பேஸ் வாசிப்பவர்கள் அசந்துபோனார்கள். இந்தக் கருவியில் இப்படியும் முடியுமா என்ற கேள்வி எழுந்தது. தங்கள் கிட்டாரின் மெட்டுகளைப் பிடுங்கிப் பார்த்தவர்களும் உண்டு.

இன்னொரு தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டிராக் சோல், ஒன்றில் கரீபிய ஸ்டீல் டிரம், ஒன்றில் வயலின் கூட்டம். இது ஆல்பமா, கதம்பமா என்று கேட்டார்கள். ரசிகர்களின் பதில் எளிமையானது: ஃபுளோரிடாவில் வளர்ந்த பையனின் காதில் கியூபா, கரீபியா, சோல், ஜாஸ் எல்லாமே ஒன்றாகத்தான் விழுந்தது.

அதே ஆண்டு அவர் 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்தார். 1977இல் அந்தக் குழுவின் 'ஹெவி வெதர்' ஆல்பம் பெரிய ஹிட்.

1981இல் இரண்டாவது தனி ஆல்பமான 'வேர்ட் ஆஃப் மவுத்' வந்தபோது விவாதம் திரும்பவும் கிளம்பியது. ஹான்காக், ஷார்ட்டரோடு இந்த முறை ஹார்மோனிகா கலைஞர் டூட்ஸ் தீல்மான்ஸும் இருந்தார். பேஸ் வித்தையை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு, பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும் ஒரு இசையமைப்பாளர்தான் கிடைத்தார். சிலருக்கு அது ஏமாற்றம். அவரின் முழுத் திறமை இதில்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் இன்று நிறைய பேர்.

பிறகு என்ன ஆச்சு?

மேடையில் அவர் விநோதமாக நடந்துகொண்டதை மேதையின் கிறுக்குத்தனம் என்று பலர் ரசித்துவிட்டுக் கடந்தார்கள். அது நோய். 80களில் அவருக்கு பைபோலார் என்ற மனநிலைப் பாதிப்பு இருப்பது கண்டறியப்பட்டது. குடியும் சேர்ந்துகொள்ள, வேலை போனது; நியூயார்க் தெருக்களில் தங்கும் நிலை வந்தது. பெயர்பெற்ற அந்த பேஸும் திருடுபோனது. 1987 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் நடந்த கைகலப்பில் படுகாயமடைந்து, கோமாவிலேயே செப்டம்பர் 21 அன்று இறந்தார். வயது 35. பேஸ் களவுபோய் இருபது வருடங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது.

எங்கிருந்து கேட்கலாம்?

விருந்தாளிகள் இல்லாத இரண்டு டிராக்குகளிலிருந்து தொடங்கலாம்: 'டோனா லீ', அப்புறம் பேஸ் மட்டுமே ஒலிக்கும் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி'. ஒரு விஷயம்: போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது. ஹெட்போன் அவசியம்.