வேகக்காரரைப் பிடிக்கக் கருவி செய்த வேகக்காரர்

சாலையில் வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்க ஒரு காமிரா இருக்கிறது. அது விசில் ஊதாது. கை காட்டி வண்டியை நிறுத்தாது. படம் மட்டும் எடுக்கும். சில நாள் கழித்து அபராதச் சீட்டு வந்து சேரும்.

செங்குன்றத்திலிருந்து வெள்ளானூர் வழியாக ஆவடிக்குப் போகிறவரானாலும் சரி, லண்டன் நகரில் கார் ஓட்டுகிறவரானாலும் சரி, அந்தச் சீட்டைக் கண்டால் கோபம்தான் வரும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பல்லைக் கடிப்பார்கள்.

அந்தப் புண்ணியவான் போலீஸ் அதிகாரி அல்ல. நீதிபதியும் அல்ல. ஐரோப்பாவில் பெயர் பெற்ற கார்ப் பந்தய வீரர்! அவர் பெயர் மாரிஸ் காட்சோனிடிஸ்.

ஜாவாவில் பிறந்தவர்

காட்சோனிடிஸ் 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 14ந் தேதி ஜாவாத் தீவில் உள்ள கோம்போங் என்ற ஊரில் பிறந்தார். இன்று இந்தோனேசியாவில் இருக்கும் அந்தத் தீவு அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. பிறகு அவர் ஹாலந்து நாட்டுக்குப் போய் வாழ்ந்தார்.

அவருக்குக் கார் என்றால் உயிர். நீண்ட தூரப் பந்தயங்களில் கலந்துகொள்ளத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிறர் செய்த காரை ஓட்டினால் போதாது, தாமே கார் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1948 வாக்கில் ஹீம்ஸ்டேட் என்ற ஊரில் கார் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தம் பெயரைச் சுருக்கி, காருக்கு "காட்சோ" என்று பெயர் வைத்தார்.

கார்கள் பார்க்க விசித்திரமாக இருந்தன. ஒரு காருக்கு முன்பக்கம் மூன்று விளக்குகள். நடுவில் இருந்த விளக்கு நெற்றிக்கண் போல விழித்தது! ஆனால் கண் இருந்தும் காசு வரவில்லை. சில கார்களைத்தான் செய்ய முடிந்தது. பணமுடை வந்தது. தொழில் மூடப்பட்டது.

பனியில் கிடைத்த வெற்றி

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். காட்சோனிடிஸ் மீண்டும் பந்தயத்துக்கே போனார்.

மாண்டி கார்லோ பந்தயம் உலகப் புகழ் பெற்றது. ஜனவரி மாதத்தின் கடுங்குளிரில் நடக்கும். கார்கள் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து புறப்பட்டு, பனியிலும் மலையிலும் ஓடி, மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள மாண்டி கார்லோவுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. 1950ல் அதில் காட்சோனிடிசுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது.

1953ல் மறுபடியும் போனார். போர்டு செபிர் என்ற காரை ஓட்டினார். பீட்டர் வொர்லெட்ஜ் என்பவர் துணைக்கு இருந்தார். கடைசிப் பரீட்சை மலைப்பாதையில் நடந்தது. அதில் முந்திப் போகிறவருக்குப் பரிசு இல்லை. குறித்த இடத்தைக் குறித்த நேரத்தில் கடக்க வேண்டும். முன்னே வந்தாலும் குற்றம், பின்னே வந்தாலும் குற்றம். காட்சோனிடிஸ் மிகச் சிறிய வித்தியாசத்தில் முதல் பரிசை வென்றார்.

வேகக்காரருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கடிகாரம்தான்!

இரண்டு ரப்பர்ப் பட்டைகள்

அவருக்கு ஒரு கவலை இருந்தது. சாலை வளைவில் காரைத் திருப்பும்போது, எந்த முறையில் திருப்பினால் வேகம் குறையாமல் இருக்கும்? ஓட்டுகிறவருக்கு வேகமாகப் போவதுபோல் தோன்றும். உண்மையில் அப்படி இருக்காது. மனம் ஏமாற்றும். கடிகாரம் ஏமாற்றாது.

எனவே ஒரு கருவி செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர்ப் பட்டைகளைப் போட்டார். காரின் சக்கரம் முதல் பட்டையில் ஏறியதும் ஸ்டாப் வாட்ச் ஓடத் தொடங்கும். இரண்டாவது பட்டையில் ஏறியதும் நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது தெரியும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தெரியும். பிறகு வேகத்தைக் கணக்குப் போடுவது பள்ளிப் பிள்ளைக்கும் எளிது.

தம் வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்த கருவி, பிறர் வேகத்தைக் குறைக்கவும் உதவும் என்பது அவருக்குப் புரிந்தது. 1958ல் "காட்சோமீட்டர்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். போலீசார் கருவியை வாங்கினார்கள். பின்னர் அதோடு காமிராவும் சேர்ந்தது. நான் அவ்வளவு வேகமாக வரவில்லை என்று வாதாடியவர்களுக்குப் படம் பதில் சொன்னது. 1971ல் ராடாரும் வந்தது. ரப்பர்ப் பட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சென்னையில் எழுந்த முணுமுணுப்பு

காமிரா போன இடமெல்லாம் முணுமுணுப்பும் கூடவே போயிற்று. சென்னையும் அதற்கு விலக்கல்ல.

2023 ஜூனில் சென்னை நகரில் சில இடங்களில் வேகம் அளக்கும் கருவிகள் வைக்கப்பட்டன. பகலில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். சாலை காலியாக இருக்கும்போது ஊர்ந்து போவதா என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி வீண் போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வரம்பு திருத்தப்பட்டது. காருக்கு 60, மோட்டார் சைக்கிளுக்கு 50, ஆட்டோவுக்கு 40 கிலோமீட்டர் என்று ஆயிற்று. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30தான்.

காமிராவுக்கும் சட்டம் உண்டு. மத்திய அரசு 2021ல் விதிகள் வகுத்தது. காமிரா இருக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவி சரியாக வேலை செய்கிறது என்று ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் வண்டிக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்று அந்த 2021 விதிகள் கூறின.

அளக்கிற கோல் நேராக இருக்க வேண்டும் என்று கேட்பது வண்டிக்காரரின் உரிமை. அளவுக்குள் ஓட்டுவது அவர் கடமை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் பாய்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 8 மீட்டர்தான். தெருவில் ஓடி வரும் குழந்தைக்கு அந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

தன் வலையில் தானே

காட்சோனிடிஸ் முதுமையிலும் வேகத்தை விடவில்லை. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அவர் செய்த காமிராவே அவரைப் பிடித்தது! ஒரு முறை அல்ல, பல முறை. வீட்டுக்கு அபராதச் சீட்டுகள் வந்தன. வேகத்தின் மீதுள்ள ஆசையால் தம்மாலும் தப்ப முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1998ஆம் ஆண்டு நவம்பர் 29ந் தேதி, தமது 87வது வயதில் அவர் காலமானார். அவர் செய்த கார்கள் அபூர்வப் பொருளாகிவிட்டன. ஆனால் இங்கிலாந்தில் வேகக் காமிராவை மக்கள் "காட்சோ" என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அந்தக் காமிரா யாருக்கும் சலுகை காட்டியதில்லை. தன்னைப் பெற்றெடுத்தவருக்கே காட்டவில்லையே!