மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார்: யார் இந்த கரிவரதன்?

சங்கரன்கோவில் டு திருவேங்கடம் பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்தவங்களுக்கு ஷாக் அப்சார்பரின் அருமை தெரியும். ரேஸ் காரில் அதே பாகம்தான் வெற்றி தோல்வியையே மாத்தும். அந்த நுணுக்கம் பழக, கைக்கு எட்டுற விலையில் ரேஸ் கார் கொடுத்தவர் கோவை தொழிலதிபர் எஸ்.கரிவரதன்.

1954-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் வசதியானவர்கள் விளையாட்டு. இவரோ தெருவில் ஓடும் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி.

எல்லாருக்கும் ஒரே இன்ஜின்னா எப்படி முந்துறது? ஓட்டுற திறமை பாதி, செட்டிங் மீதி. முன்பக்க ஷாக் ரொம்ப இறுகினா, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். பின்பக்கம் இறுகினா வால் வழுக்கும். சரி, ரெண்டையும் முழுசா இறுக்கிட்டா? மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எகிறும், கிரிப் போச்சு. கொஞ்சம் மாத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாத்தணும். பொறுமை கேட்கிற வேலை இது.

ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதற்கு 10 வருஷம் முன்பே, 1995-ல், விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 41தான். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்கின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்த 'கரி' இவர்தான்.