முருட் ஊர்ச் சிறுவன்

கொங்கணக் கடற்கரையில், ரத்னகிரி மாவட்டத்தில், தென்னையும் கமுகும் சூழ்ந்த சிற்றூர் முருட். மகளிர் கல்விக்குத் தம் வாழ்வை அர்ப்பணித்த தோண்டோ கேசவ் கார்வே வளர்ந்தது இவ்வூரில்தான். 1858 ஏப்ரல் 18 அன்று ஷேராவலியில் அவர் பிறந்தார்.

முன்னோர் பரோடா மன்னர் குடும்பத்துக்கே கடன் கொடுக்கும் நிலையில் இருந்தவர்கள். அச்செல்வம் கரைந்தபின் பிறந்த பிள்ளை தோண்டோ. தந்தை கேசவபந்த் வெளியூரில் நிலக்கிழார் ஒருவரிடம் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பரோடாவில் அந்தணர்களுக்குத் தட்சிணை வழங்குவது அக்கால வழக்கம். அதைப் பெற்றுவரத் தோண்டோவும் அண்ணனும் விரும்பினர். தாய் லக்ஷ்மிபாய் இசையவில்லை. கடன் கொடுத்த குடும்பம் அதே வாசலில் கையேந்துவதை அவர் மனம் ஏற்கவில்லை. வீட்டில் பணத்துக்கு எவ்வளவு முடை இருந்தது என்பதை எண்ணினால்தான் அந்த மறுப்பின் அருமை விளங்கும்.

ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினால் ஆசிரியர் வேலை கிடைக்கும். தேர்வு நடந்ததோ சதாராவில். 1875-இல், பதினேழு வயதில், தோழர்களுடன் சஹ்யாத்ரி மலையைக் கடந்து ஏறத்தாழ 110 மைல் நடந்தே அங்குச் சென்றார் தோண்டோ. மெலிந்த, குள்ளமான உருவம். தேர்வுக்குழுத் தலைவர் பார்த்தார்; பதினேழு வயது ஆகியிருக்காது என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பிள்ளை, மறு ஆண்டு கோலாப்பூர் சென்று அதே தேர்வில் வெற்றி பெற்றார்.

பின்னர் பம்பாயில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே படித்து, 1884-இல் பட்டம் பெற்றார். சொந்த ஊரை மறக்கவில்லை. முருடின் நலனுக்கென்று ஒரு நிதி திரட்டினார்.

1891-இல் மனைவி ராதாபாய் காலமானார். 1893-இல் கோதுபாய் என்ற விதவையைக் கார்வே மணந்தார். அவர் முருட் வந்தபோது ஊர் கூடி விலக்கு விதித்தது. பெற்ற தாயின் வீட்டிலும் தங்க வழியில்லை. ஊருக்காக நிதி திரட்டியவருக்கு ஊர் தந்த பரிசு இது! தமக்கு வந்த இழிவைவிட, தாய்க்கு நேர்ந்த சங்கடமே அவரை வாட்டியது.

1896-இல் விதவையர் இல்லம், 1916-இல் மகளிர் பல்கலைக்கழகம் என அவர் பணி வளர்ந்தது. 1936-இல், எழுபத்தெட்டாம் வயதில், பள்ளிக்கூடமே இல்லாத சிற்றூர்களில் தொடக்கப் பள்ளிகள் திறப்பதற்கென்று ஒரு சங்கத்தை நிறுவி, அதற்காக மீண்டும் நன்கொடை திரட்டப் புறப்பட்டார்.