இருளில் எண்ணிய ஒளி

மாணவர்களே! கண்ணுக்குப் புலப்படாத துகள்களை ஒவ்வொன்றாக எண்ண இயலுமா? இயலும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு.

இவர் 1871 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், நியூசிலாந்து நாட்டில் நெல்சன் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாயார் பள்ளி ஆசிரியை. பன்னிரு மக்களுள் நான்காமவரான ரூதர்ஃபோர்டு உதவித்தொகை பெற்றுக் கல்வி பயின்றார். 1895 இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பின்னர்க் கனடாவில் பேராசிரியராகப் பணியாற்றி, 1907 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தார்.

ரேடியத்திலிருந்து ஆல்ஃபா துகள்கள் வெளிப்படுகின்றன. துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் அத்துகள் மோதினால், சிறு ஒளிப்பொறி தோன்றி உடனே மறையும். பொறிகளை எண்ணினால் துகள்களை எண்ணியதாகுமா? சில துகள்கள் பொறி எழுப்பாமலே போனால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடுமன்றோ? ஆகவே, திரையை நம்புவதற்கு முன் அதனைச் சோதித்துப் பார்க்க ரூதர்ஃபோர்டு முடிவு செய்தார். 1908 இல் அவரும் ஹான்ஸ் கைகரும் மின்முறையில் துகள்களை எண்ணும் கருவி ஒன்றை அமைத்தனர். அதன் கணக்கையும் திரையில் கண்ட பொறிகளின் கணக்கையும் ஒப்பிட்டனர். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. திரை தேர்வில் வென்றது! அவ்வாண்டிலேயே ரூதர்ஃபோர்டு வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

பொறிகளை எண்ணுவது எளிய பணியன்று. இருட்டறையில் நெடுநேரம் அமர்ந்து கண்ணைப் பழக்கிய பின்னரே, நுண்ணோக்கி வழியே அவற்றைக் காண இயலும். கண் விரைவில் சோர்வடையும். அவ்வளவு பொறுமை தமக்கில்லை என்று ரூதர்ஃபோர்டே ஒப்புக்கொண்டார். அப்பணியைக் கைகரும் இளம் மாணவர் மார்ஸ்டனும் ஏற்றனர். மெல்லிய உலோகத் தகட்டில் மோதிய துகள்களுள் மிகச் சில பின்னோக்கித் திரும்பியதை 1909 இல் அவர்கள் கண்டனர். அதன் காரணத்தை ஆராய்ந்த ரூதர்ஃபோர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய உட்கரு உண்டு என்று 1911 இல் அறிவித்தார். சோதிக்கப்படாத திரையாக இருந்திருந்தால், அச்சிலவற்றை எவர் நம்பியிருப்பர்?

1937 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் ரூதர்ஃபோர்டு மறைந்தார். மனிதக் கண் செய்த பணியை இன்று மின்கருவிகள் செய்கின்றன. நம் நாட்டில் உதகமண்டலத்தில் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் நிலையத்திலும், துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் வரிசையாக அமைந்துள்ளன. கருவியை நம்புமுன் அதனைச் சோதித்தறியும் நெறி அன்றும் இன்றும் ஒன்றே.

பயிற்சி
1. திரையைச் சோதிக்க ரூதர்ஃபோர்டும் கைகரும் கையாண்ட வழி யாது?
2. ஒளிப்பொறிகளை எண்ணுவது அரிய பணியானது ஏன்?
3. நீங்கள் பயன்படுத்தும் அளவுகோல் சரியானதா என்று எவ்வாறு சோதிப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.