46 ராத்தல் எடை குறைத்தார்!
லண்டன் வியாபாரி வில்லியம் பான்டிங்கின் கதை

லண்டன் மாநகரில் அரண்மனைக்குப் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் தெரு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே பான்டிங் குடும்பத்தார் தொழில் நடத்தி வந்தார்கள். சவப்பெட்டி செய்வதும், இறுதி ஊர்வலம் நடத்திக் கொடுப்பதும் அவர்கள் தொழில்.

அரச குடும்பத்துக்கும் அவர்கள்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். 1820-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது பொறுப்பு அவர்களுடையதே. 1852-ல் வெலிங்டன் பிரபு காலமானபோதும் அவர்களைத்தான் அழைத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகவும், வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிராகவும் போரிட்டவர் இந்த வெலிங்டன்.

அந்தக் குடும்பத்தில் வந்தவர் வில்லியம் பான்டிங். 50 ஆண்டுகள் ஓயாமல் உழைத்தார். நேரம் தவற மாட்டார். எதிலும் ஒழுங்கு வேண்டும் என்பார். பணத்துக்குக் குறைவில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை, உடல் பருமன்.

பின்பக்கமாக இறங்கினார்!

அவருடைய தாய் தந்தையர் பருமனானவர்கள் அல்ல. பான்டிங்குக்கு மட்டும் முப்பது வயதுக்கு மேல் உடல் பெருக்கத் தொடங்கியது. அறுபது வயதைத் தாண்டியபோது எடை 202 ராத்தல். இன்றைய கணக்கில் சுமார் 92 கிலோ. உயரமோ 5 அடி 5 அங்குலம்தான்.

குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப் படியில் நேராக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் வலித்தன. அதனால் பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக மெல்ல இறங்குவார். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். தெருவிலும் வண்டியிலும் கண்டவர்கள் கேலி செய்வார்கள். அதற்கு அஞ்சியே அவர் பொது இடங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

இருபது ஆண்டு முயற்சி

பான்டிங் சும்மா இருந்துவிடவில்லை. வைத்தியர்களைத் தேடித் தேடிப் போனார். தேகப் பயிற்சி செய்யும்படி ஒருவர் சொன்னார். விடியற்காலையில் எழுந்து ஆற்றில் படகு வலித்தார். கைகால்களில் பலம் ஏறியது. ஆனால் பசியும் ஏறியது! பயிற்சி முடிந்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். எடை முன்னிலும் கூடியது.

கடற்கரைக் காற்று, குதிரைச் சவாரி, ஊற்று நீர், மருந்து என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. துருக்கிக் குளியல் என்னும் வெந்நீராவிக் குளியலும் ஆயிற்று. அதில் இறங்கியது 6 ராத்தல்தான். இப்படியே இருபது ஆண்டுகள் ஓடின.

ஒருவர் மேல் ஒருவராகப் பலரும் யோசனை சொன்னார்கள். ஆனால் காலை முதல் இரவு வரை அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை ஒருவரும் அக்கறையாக விசாரித்ததாகத் தெரியவில்லை.

காது வைத்தியர் கண்ட வழி

1862-ல் பான்டிங்குக்குக் காது மந்தமாயிற்று. வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த பழைய ஹார்வி வேறு, இவர் வேறு.

இந்த ஹார்வி சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே கிளாட் பெர்னார் என்ற மேதை, கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருந்தார். அது அவர் மனதில் இருந்தது. காதுக் கோளாறுக்கும் கொழுப்பே காரணம் என்று அவர் எண்ணினார்.

பான்டிங்கின் சாப்பாட்டை விசாரித்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவைதான் அதில் முக்கியம். இந்த ஆறையும் நிறுத்தச் சொன்னார். மீன், இறைச்சி, காய்கறி, கொஞ்சம் பழம் ஆகியவற்றை அனுமதித்தார். ரொட்டி வேண்டுமானால் வாட்டியது ஒரு துண்டு. அதுவும் அவுன்ஸ் கணக்கில்!

ஆகஸ்டு 26-ந் தேதி பத்தியம் தொடங்கியது. பான்டிங் அவ்வப்போது எடை பார்த்து, தேதியோடு குறித்து வைத்தார். எடை மெல்ல மெல்ல இறங்கியது. 1863 செப்டம்பர் 12-ந் தேதி அவர் எடை 156 ராத்தல். 46 ராத்தல், அதாவது சுமார் 21 கிலோ குறைந்திருந்தது! இடுப்புச் சுற்றளவில் 12 அங்குலத்துக்கு மேல் கரைந்திருந்தது.

படியில் எல்லோரையும் போல நேராக இறங்கினார். தம் வேலையைத் தாமே செய்துகொண்டார். காதும் நன்றாகக் கேட்டது. ஏழை நோயாளிகளின் ஆஸ்பத்திரிகளுக்காக 50 பவுன் பணத்தை நன்றியோடு ஹார்வியிடம் கொடுத்தார்.

ஊருக்கு ஒரு கடிதம்

தாம் பட்ட துன்பத்தைப் பிறரும் படக்கூடாது என்று பான்டிங் நினைத்தார். 1863-ல் பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் எழுதி, சிறு புத்தகமாக அச்சிட்டார். முதலில் இலவசமாகவே கொடுத்தார். கேட்பவர் கூட்டம் பெருகியதால் பிறகு விலைக்கு விற்றார். பல்லாயிரம் பிரதிகள் போயின. கிடைத்த லாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

வைத்தியர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. சவப்பெட்டி வியாபாரிக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று ஏளனம் செய்தார்கள். ஹார்வியையும் விடவில்லை. பான்டிங் தளரவில்லை. தம் எடைக் கணக்கையே சாட்சியாக வைத்தார். 1878-ல், எண்பது வயதைக் கடந்த பிறகே அவர் காலமானார்.

நாம் அறிய வேண்டியது

பான்டிங் எடை குறைக்க விரும்பியது அழகுக்காக அல்ல. ஊரார் மெச்சுவதற்காகவும் அல்ல. நடக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், தம் பூட்ஸைத் தாமே கட்ட வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. கல்யாணத்துக்காகவோ, கேலிக்குப் பயந்தோ பட்டினி கிடப்பவர்கள், அந்த நாள் கழிந்ததும் பழையபடி சாப்பிடத் தொடங்குவது உண்டு. தினமும் படி ஏறி இறங்க விரும்புகிறவனுக்கு அந்த விருப்பம் தினமும் இருக்கும்.

அவருடைய உணவுப் பட்டியலை அப்படியே பின்பற்றக் கூடாது. அதில் மதுவும் இருந்தது. அது இன்று எந்த வைத்தியரும் சொல்லாத யோசனை. சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றுவது ஆபத்து. தேகப் பயிற்சி வீண் என்றும் எண்ண வேண்டாம். இருதயத்துக்கும் தசைக்கும் அது மிகவும் நல்லது. ஆனால் உணவைக் கவனிக்காமல் பயிற்சியால் மட்டும் எடை குறைவது கடினம்.

இன்று ஊருக்கு ஊர் உடற்பயிற்சிக் கூடங்களும், பயிற்சியாளர்களும் உண்டு. நல்ல பயிற்சியாளர் முதல் நாளே பாரத்தைத் தூக்கச் சொல்ல மாட்டார். எதற்காக எடை குறைக்க வேண்டும், என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன நோய் இருக்கிறது என்று முதலில் கேட்பார். உடல் தாங்கும் அளவுக்குப் பயிற்சி கொடுப்பார். முன்னேற்றத்தைக் குறித்து வைப்பார். நோய் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவார். ஒரே மாதத்தில் ஆளையே மாற்றிவிடுவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பான்டிங்கின் பெயர் இன்றும் வழங்குகிறது. சுவீடன் நாட்டில், எடை குறைக்கப் பத்தியம் இருப்பதற்கு 'பான்டா' என்றே சொல்கிறார்கள்!