மார்க்கோனியின் 7777: டியூனிங் பண்ணினா மட்டும் போதுமா?

எக்ஸ்பீ போன்ற ரேடியோ மாட்யூல்களை எக்ஸ்சிடியூ மென்பொருளில் திறந்தால் முதலில் சரிபார்க்க வேண்டியவை சேனலும் நெட்வொர்க் ஐடியும். இரண்டு மாட்யூலிலும் இவை ஒன்றாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். இந்த 'மேட்ச்' விஷயத்துக்காக 100 வருஷத்துக்கு முன்பே மல்லுக்கட்டியவர் குலியெல்மோ மார்க்கோனி.

யார் இவர்?

1874-ல் இத்தாலியின் போலோக்னாவில் பிறந்தவர். அம்மா அயர்லாந்துக்காரர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 1895-ல் குடும்பத்தின் பண்ணை வீட்டிலிருந்து குன்றைத் தாண்டி சிக்னல் அனுப்பினார். அடுத்த ஆண்டே லண்டன் போய் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

என்ன சிக்கல்?

அன்றைய தீப்பொறி டிரான்ஸ்மிட்டர்களின் சிக்னல் அகலமாகப் பரவும். பக்கத்தில் இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் எல்லாம் குழம்பிவிடும். அனுப்பும் சுற்றையும் வாங்கும் சுற்றையும் ஒரே அலைவரிசைக்கு டியூன் செய்வதுதான் தீர்வு. ஆலிவர் லாட்ஜ் ஏற்கெனவே இதில் காப்புரிமை பெற்றிருந்தார். மார்க்கோனி தன் முறைக்கு 1900-ல் விண்ணப்பித்துப் பெற்ற பிரிட்டிஷ் காப்புரிமையின் எண் 7777. 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் வாங்கியதாக அறிவித்தார்.

மானம் போன நாள்

டியூன் செய்த செய்தியை வேறு யாரும் தொட முடியாது என்று நம்பினார் மார்க்கோனி. மேஜிக் நிபுணர் நெவில் மாஸ்கலின் விடவில்லை. 1902-ல் கம்பம் நட்டு, மார்க்கோனி நிலையத்தின் செய்திகளை ஒட்டுக்கேட்டார். 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் உரை. கார்ன்வாலில் இருந்து மார்க்கோனியின் செய்தி வர வேண்டிய கருவியில், அதற்கு முன்பே கேலி வரிகள் வந்தன. அனுப்பியது மாஸ்கலின்!

அதனால் மார்க்கோனி வீழ்ந்துவிடவில்லை. 1909-ல் பிரௌனுடன் நோபல் பரிசு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, அவரது நிறுவன ஆபரேட்டர்கள் அனுப்பிய அழைப்பைக் கேட்டுத்தான் கார்பேத்தியா கப்பல் விரைந்து வந்தது. 1937-ல் ரோமில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

சேனல் என்பது வீட்டு முகவரி மாதிரி. அதைத் தெரிந்த யாரும் வாசலுக்கு வரலாம். பூட்டு வேறு. எக்ஸ்சிடியூவில் என்கிரிப்ஷன் பல எக்ஸ்பீ மாட்யூல்களில் முதலில் ஆஃபாகவே இருக்கும். அதை ஆன் செய்து, இரண்டு பக்கமும் ஒரே கீ கொடுங்க. கீயைத் தனியே குறித்து வைங்க. மாட்யூலிலிருந்து திரும்பப் படிக்க முடியாது. கடைசியாக 'ரைட்' பட்டனை மறக்காதீங்க. அழுத்தாவிட்டால் மாற்றம் மாட்யூலுக்குள் போகாது.