அறிவை யாரிடம் கையளிப்பது என்று கேட்ட விஞ்ஞானி நோர்பேர்ட் வீனர்

சைபர் குற்றம், சைபர் பாதுகாப்பு, சைபர் தாக்குதல் என்று நாளாந்தம் செய்திகளில் அடிபடும் சொற்றொடர்கள் இன்று எவருக்கும் அந்நியமானவையல்ல. ஆனால் அவற்றின் முன்னொட்டாக நிற்கும் சைபர் என்ற சொல், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும் பண்டைய கிரேக்கச் சொல்லொன்றின் வழிவந்தது என்பதைப் பலர் அறியார். 1948 ஆம் ஆண்டில், தாம் வகுத்தளித்த புதிய அறிவியல் துறைக்கு அச்சொல்லிலிருந்து சைபர்நெடிக்ஸ் என்று பெயர் சூட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளரான நோர்பேர்ட் வீனர். இயந்திரங்கள் தம்மைத்தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் விதத்தைக் கணிதத்தால் விளக்கிய அவர், அந்த இயந்திரங்களின் சுக்கான் யாருடைய கையில் இருக்கப்போகின்றது என்ற கேள்வியையும் எழுப்பினார். அக்கேள்விக்குத் தமது வாழ்க்கையாலேயே விடைகூற முற்பட்டமையே ஏனைய விஞ்ஞானிகளிலிருந்து அவரை வேறுபடுத்துகின்றது.

வீனர் 1894 நவம்பர் 26 ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் பிறந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த யூதரான தந்தை லியோ வீனர், பின்னாளில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராக விளங்கியவர். மகனின் கல்வியைத் தந்தை தாமே பொறுப்பேற்றுக் கடுமையான கண்டிப்புடன் நடத்தினார். அதன் விளைவாக பதினொரு வயதில் டஃப்ற்ஸ் கல்லூரியில் நுழைந்த வீனர், பதினான்கு வயதில் பட்டதாரியானார். 1913 இல் ஹார்வார்டில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜில் பேர்ட்ரண்ட் ரசலிடமும் ஜேர்மனியின் கோட்டிங்கனில் டேவிட் ஹில்பேர்ட்டிடமும் பயின்றார். அறிவுலகம் அவரைக் குழந்தை மேதை என்று வியந்தபோதிலும், அந்தப் புகழ் தம் மனதில் ஏற்படுத்திய காயங்களைப் பிற்காலத்தில் தமது சுயசரிதையில் அவர் மறைக்காமல் எழுதினார்.

முதலாம் உலக மகா யுத்தத்தின்போது, 1918 இல், மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ஆயுதப் பரிசோதனைத் தளத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்கும் அட்டவணைகளைத் தயாரிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். யுத்தம் முடிந்தபின் 1919 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றினார்.

வர்த்தக நிறுவனங்களின் போக்கை வீனர் முதன்முதலில் நேரடியாக உணர்ந்துகொண்டது காப்புரிமை விடயமொன்றினூடாகவே. தமது மாணவரான சீனாவைச் சேர்ந்த யூக்-விங் லீயுடன் இணைந்து மின்சுற்று வலையமைப்பொன்றை அவர் வடிவமைத்து, 1930களில் அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். அதனை அமெரிக்காவின் பெரும் தொலைபேசி நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. ஆனால் அக்கருவியைத் தயாரித்து மக்களின் பாவனைக்கு விடுவதில் அந்நிறுவனம் அக்கறை காட்டவில்லை. மற்றவர்கள் அதைப் பயன்படுத்திவிடாமல் தடுப்பதே கொள்வனவின் பயனாக அமைந்தது. விற்கப்பட்டதும் ஒரு கண்டுபிடிப்பு வெறும் கடதாசியாகிப் பெட்டகத்தில் உறங்கக்கூடும் என்ற கசப்பான பாடத்தை அவர் அன்று கற்றுக்கொண்டார். 1959 இல் அவர் வெளியிட்ட நாவலிலும், கண்டுபிடிப்பாளர் ஒருவரின் உழைப்பை நிறுவனமொன்று தன்வசப்படுத்துவதும் அதற்குத் துணைபோகும் அறிஞனின் மனச்சாட்சியுமே கருப்பொருளாகின.

இரண்டாம் உலக மகா யுத்தம் வீனரின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. பிரித்தானிய நகரங்கள்மீது ஜேர்மனிய விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்த காலம் அது. வேகமாகப் பறக்கும் விமானத்தை வீழ்த்துவதற்கு அது இப்போது நிற்கும் இடத்தை நோக்கிச் சுடுவதில் பயனில்லை. குண்டு சென்றடையும் கணத்தில் அது எங்கிருக்கும் என்பதை முற்கூட்டியே கணிக்கவேண்டும். இப்பணியைப் பொறியியலாளர் ஜூலியன் பிகலோவுடன் இணைந்து வீனர் மேற்கொண்டார். நாசிசத்திற்கு எதிரான யுத்தத்தில் தமது அறிவைப் பயன்படுத்துவதில் அவருக்கு எவ்விதத் தயக்கமும் இருக்கவில்லை. 1942 இல் அவர் எழுதிய அறிக்கை இராணுவ இரகசியமாக, மஞ்சள் நிற அட்டையுடன் குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே விநியோகிக்கப்பட்டது. அவர்களது கருவி போர்க்களத்தில் பயன்பாட்டுக்கு வரவில்லை. எனினும் அந்த ஆய்விலிருந்து பின்னூட்டம் என்ற கருத்து அவர் மனதில் ஆழமாக வேரூன்றியது. சுக்கான் பிடிப்பவன் கப்பல் விலகிச்செல்வதைக் கண்டு திருத்துகின்றான். அத்திருத்தத்தின் விளைவைக் கண்டு மீண்டும் திருத்துகின்றான். மனித உடலும் தன்னியக்க இயந்திரமும் இவ்வாறே இயங்குகின்றன என்பதை மெக்சிக்கோவைச் சேர்ந்த உடற்றொழிலியல் அறிஞர் ஆர்த்துரோ ரோசன்புளூத்துடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தார்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிக்கப்பட்டன. அணுகுண்டுத் தயாரிப்பில் வீனருக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. ஆயினும், விஞ்ஞானிகள் அளித்த ஆற்றல் அவர்களது கட்டுப்பாட்டை முற்றாக மீறிச் சென்றுவிட்டதை அவர் கண்டார். இந்நிலையில் 1946 இன் இறுதியில், விமான உற்பத்தி நிறுவனமொன்றில் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர், வழிகாட்டப்படும் ஏவுகணைகள் பற்றிய வேலைக்காக அந்த மஞ்சள் அட்டை அறிக்கையின் பிரதியொன்றைக் கோரியிருந்தார். சாதாரணமாகத் தபாலில் அனுப்பிவிட்டு மறந்துவிடக்கூடிய கோரிக்கை அது. வீனர் மறுத்துவிட்டார்.

அவரது மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் சஞ்சிகையில் பகிரங்கமாக வெளியானது. அறிக்கையை அரசாங்கத்திடமிருந்து அந்த ஆய்வாளர் பெற்றுக்கொள்ள முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார், அதனை ஒளிக்கவுமில்லை. பாதுகாப்பற்ற குடிமக்களைக் கண்மூடித்தனமாகக் கொல்வதற்கே அத்தகைய ஆயுதங்கள் பயன்படும் என்றும், அதற்குத் தமது கையால் உதவப்போவதில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார். பொறுப்பற்ற இராணுவவாதிகளின் கையில் தீங்கு விளைவிக்கக்கூடிய எந்த ஆய்வையும் இனிமேல் வெளியிடப்போவதில்லை என்றும் அறிவித்தார். அதே மாதத்தில் ஹார்வார்டில், கடற்படையின் அனுசரணையுடன் நடைபெற்ற கணிப்பு இயந்திரங்கள் பற்றிய மாநாட்டில் உரையாற்ற இணங்கியிருந்த அவர், அதிலிருந்தும் விலகிக்கொண்டார்.

இராணுவத்தைவிட இன்னும் நுட்பமான சோதனை தொழிற்றுறையிலிருந்து வந்தது. முன்னணி நிறுவனமொன்று தன்னியக்கக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தொடர்பில் அவரது ஆலோசனையை நாடியது. அவர் அதற்கு இணங்கவில்லை. மாறாக, 1949 ஆகஸ்டில் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் ரூதருக்கு அவர் கடிதமொன்றை எழுதினார். சிறிய, மலிவான கணிப்பு இயந்திரங்கள் தொழிற்சாலைகளுக்கு வரப்போகின்றன. அவை தொழிலாளியின் உடல் வலுவை மாத்திரமன்றி அவனது தீர்மானிக்கும் திறனையும் பிரதியீடு செய்யும். முன்னேற்பாடின்றி அவை புகுத்தப்பட்டால் பெரும் வேலையில்லாப் பிரச்சினை தோன்றும் என்பதே அக்கடிதத்தின் சாராம்சம். இவ்வியந்திரங்களின் இலாபம் தொழிலாளரின் நலனுக்குச் சேரும்வகையில் சங்கமே முந்திக்கொள்ள விரும்பினாலும், இத்தொழில்நுட்பம் முற்றாக அடக்கப்படவேண்டும் என்று கருதினாலும், தாம் துணைநிற்பதாக அவர் உறுதியளித்தார். அறிவை விற்கவேண்டிய இடத்தில் விற்காமல், அதனால் பாதிக்கப்படப்போகின்றவனின் வீட்டு வாசலுக்கு அவர் அதைக் கொண்டுசென்றார். ரூதர் அதனைச் செவிமடுத்தார். இருவரும் பின்னர் சந்தித்தும் பேசினர்.

வீனர் இயந்திரங்களின் எதிரியல்லர். மனிதனை இயந்திரம்போல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதே மனிதனுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்று அவர் கருதினார். இக்கருத்தை விரித்துப் பொதுமக்களுக்காக 1950 இல் தனி நூலொன்றையும் எழுதினார். செவிப்புலனற்றோர் தொடுகையால் ஒலியை உணரும் கருவியொன்றை உருவாக்க முயன்றார். 1960களின் தொடக்கத்தில், விபத்தொன்றில் காயமுற்று மருத்துவமனையிலிருந்தபோதும், நரம்புச் சமிக்ஞைகளால் இயங்கும் செயற்கைக் கை பற்றி அங்கிருந்த வைத்தியர்களுடன் கலந்துரையாடினார். பொஸ்டன் கை என்று பெயர்பெற்ற கருவி அவர் மறைந்தபின் உருவாகியது. 1955 - 1956 காலப்பகுதியில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் அவர் பணியாற்றினார்.

அவரது தீர்மானங்களுக்கு விலையும் இருந்தது. சக பேராசிரியர்களின் ஆய்வுகூடங்களுக்கு இராணுவ நிதி தாராளமாகப் பாய்ந்தபோது வீனர் ஒதுங்கி நின்றார். அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் அவரைப் பற்றிய கோப்பொன்றைப் பேணியது. அவருக்கு நிகரான கணித மேதையான ஜோன் வொன் நொய்மன் எதிர்மாறான பாதையைத் தெரிவுசெய்து, அணுசக்தி ஆணைக்குழுவின் உறுப்பினராகவும் உயர்ந்தார். வீனரின் மறுப்பினால் ஏவுகணைகள் நின்றுவிடவுமில்லை. அவர் தராத அறிக்கை, 1949 இல் எவரும் வாங்கக்கூடிய நூலாகவே வெளிவந்தது. அப்படியாயின் அந்த மறுப்பினால் என்ன பயன் என்று கேட்பது நியாயமானதே. ஆனால், நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான் என்ற வாதம், தொழில்நுட்ப உலகில் ஒவ்வொருவரும் தத்தமது பொறுப்பைக் கைகழுவுவதற்குப் பயன்படுத்தும் வாதமாகும். அந்த வாதத்திற்கு ஒரு மனிதனாவது இணங்கவில்லை என்ற உண்மை, பின்வருவோருக்கு முன்னுதாரணமாக எஞ்சியிருக்கின்றது.

1960 இல் சயன்ஸ் சஞ்சிகையில் வீனர் எழுதிய கட்டுரை இன்று மீளவும் பேசப்படுகின்றது. கற்றுக்கொள்ளும் இயந்திரம் அதை ஆக்கியவனையே விஞ்சிவிடக்கூடும். அதன் வேகத்திற்கு ஈடாக மனிதனால் குறுக்கிட முடியாமலும் போகலாம். ஆகவே அதற்குள் நாம் இடும் நோக்கம் நாம் உண்மையில் விரும்பும் நோக்கம்தானா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று அவர் எச்சரித்தார். சதுரங்கப் பலகையில் ஆடும் டிராஃப்ட்ஸ் விளையாட்டைக் கணினிக்குக் கற்பித்தவரான ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல், இயந்திரத்திற்குச் சுயவிருப்பம் கிடையாது என்று கூறி அதே சஞ்சிகையில் அதை மறுத்தெழுதினார். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று உலகெங்கும் நடைபெறும் விவாதத்தின் இரு பக்கங்களும் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே வைக்கப்பட்டுவிட்டன.

1964 ஜனவரியில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனிடமிருந்து தேசிய விஞ்ஞானப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்ட வீனர், அதே ஆண்டு மார்ச் 18 ஆம் திகதி சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் திடீரென மயங்கி வீழ்ந்து காலமானார். அப்போது அவருக்கு 69 வயது.

இன்று பொறியியலாளர் ஒருவரிடம் வரும் கோரிக்கைகளும் பெரும்பாலும் வீனருக்கு வந்ததைப் போன்று சாதாரணத் தோற்றம் கொண்டவையே. ஒரு தரவுத்தளம், ஒரு மென்பொருட் பகுதி, ஓர் ஆலோசனை. அவற்றில் எது எவரைச் சென்று தாக்கும் என்பது விண்ணப்பக் கடிதத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. கேட்டவுடன் கொடுப்பதற்கு முன்னர் ஒருகணம் நின்று, இது யாருடைய கைக்குச் செல்கின்றது என்று கேட்கும் பழக்கமே வீனரின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும். அக்கேள்வியைக் கேட்பதற்குக் கணித மேதையாக இருக்கவேண்டிய அவசியமில்லை.